வீட்டில் இருக்கும் புத்தகங்களை எரித்துவிடலாமா?

வழக்கறிஞர் பதில்கள்

வாடகைத் தகராறு, ஜீவனாம்சம், பத்திரப் பதிவு என்றுதான் இந்தப் பகுதிக்குக் கேள்விகள் வரும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி வேறு மாதிரி இருந்தன. பேசினால் பிடித்துவிடுவார்களா, படித்தால் பிடித்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சொத்துக் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

அரசாங்கத்தை விமர்சித்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். மாமா பார்த்துவிட்டு, "உபா சட்டத்துல உள்ள தூக்கிப் போட்டுருவாங்க, மொதல்ல அதை எடு" என்று திட்டினார். பயந்து எடுத்துவிட்டேன். விமர்சிப்பது குற்றமா அம்மா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

குற்றமில்லை, தம்பி. உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்துகிற தீர்ப்பு ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிராவில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்ட நாளைக் கறுப்பு நாள் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எழுதினார். வழக்குப் போட்டார்கள். அரசின் எந்த முடிவையும் விமர்சிக்கக் குடிமகனுக்கு உரிமை உண்டு என்று சொல்லி, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது.

இதைவிடப் பழைய தீர்ப்பு ஒன்றும் எனக்கு மிகவும் பிடிக்கும். இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்று, அதாவது 1984 அக்டோபர் 31 அன்று, சண்டிகரில் ஒரு தியேட்டர் வாசலில் இரண்டு அரசு ஊழியர்கள் காலிஸ்தான் வாழ்க என்று கோஷம் போட்டார்கள். அந்த நாளில் அந்தக் கோஷம் எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1995-ல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. இரண்டு பேர் ஓரிரு முறை கத்தினார்கள், கேட்டவர்கள் யாரும் கிளம்பிவிடவில்லை, இதில் தேசத்துரோகம் எங்கே வந்தது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அப்புறம் 2015-ல் இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை ரத்து செய்தபோது, விவாதிப்பது வேறு, ஒன்றை ஆதரித்துப் பேசுவது வேறு, வன்முறைக்குத் தூண்டிவிடுவது வேறு என்று பிரித்துக் காட்டி, மூன்றாவதில்தான் அரசு கை வைக்கலாம் என்றார்கள்.

உங்கள் மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். உபா என்று நாம் சொல்லும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், இந்தியா மீது வெறுப்பை உண்டாக்குவதும், உண்டாக்க நினைப்பதும் சட்டவிரோதச் செயல் என்று ஒரு வரி இருக்கிறது. கவனியுங்கள், அங்கே எழுதியிருப்பது இந்தியா. அரசாங்கம் என்று எழுதவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் படிக்கிறவர் கையில் எப்.ஐ.ஆர். எழுதும் பேனா இருக்கும்போதுதான் வம்பு வருகிறது. நீங்கள் எடுத்த ஸ்டேட்டஸைத் திரும்ப வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் குற்றம் செய்துவிட்டோம் என்ற எண்ணம் வேண்டாம்.

பொடா சட்டத்தில் வைகோ எங்கள் ஊர்ச் சிறையில் இருந்தபோது நான் பள்ளியில் வேலை பார்த்தேன். தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போவேன். ஒரு மேடைப் பேச்சுக்காக அத்தனை நாள் உள்ளே வைத்தார்களே, கடைசியில் நீதிமன்றம் என்னதான் சொன்னது?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, வேலூர்

டீச்சர், அந்த நாட்கள் எனக்கும் நன்றாக நினைவிருக்கின்றன. 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் சேர்த்துக் கூட்டி, 425-க்கு 296 என்ற வாக்குகளில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். வைகோவின் கட்சி அப்போது ஆளும் கூட்டணியில்தான் இருந்தது. மூன்று மாதம் கழித்து, ஜூன் 29 அன்று திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் அவர் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். அமெரிக்கா போய்விட்டுத் திரும்பியவரை ஜூலை 11 அன்று சென்னை விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். அடுத்து பழ. நெடுமாறன். மறு வருடம் நக்கீரன் கோபால். பேச்சாளர்கள், பத்திரிகைக்காரர் என்று வரிசையாக ஒரே சட்டம்.

பொடாவின் 21-ஆம் பிரிவில் "ஆதரவு" என்ற சொல் இருந்தது. அதற்கு எல்லை எது என்று சட்டத்தில் எழுதவில்லை. சோறு போடுவதா, பணம் அனுப்புவதா, மேடையில் அனுதாபம் சொல்வதா? இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போடப்பட்ட வழக்குகளில் 2003 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் செல்லும் என்றது. அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் கூடவே, பயங்கரவாதச் செயலை வளர்க்க வேண்டும், அதற்கு உதவ வேண்டும் என்ற உள்நோக்கம் இருந்தால்தான் 21-ஆம் பிரிவு பாயும் என்று அதன் வாயைக் கட்டியது. வைகோ 2004 பிப்ரவரியில் ஜாமீனில் வெளியே வந்தார். 19 மாதம். அதே ஆண்டு பொடாவையே ரத்து செய்துவிட்டார்கள்.

நான் அந்தக் காலத்தில் மதுரையிலிருந்து ராத்திரி பஸ் ஏறி பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்துக்கு வேறொரு வழக்குக்காகப் போய்க்கொண்டிருந்தேன். என் கட்சிக்காரர்களுக்காகச் செய்தித்தாளில் யாரும் தலையங்கம் எழுதவில்லை. வைகோவுக்கு ஒரு கட்சி இருந்தது, வாதாடப் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள், அப்படியும் 19 மாதம். மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொடா போனபோது நாங்கள் எல்லாம் மகிழ்ந்தோம். அதே 2004-ல் அதன் முக்கியமான பகுதிகளை உபாவுக்குள் சேர்த்தார்கள். 2008-ல் இன்னும் இறுக்கினார்கள். 2019-ல் அமைப்பு என்று இல்லை, தனி மனிதரையே அரசாங்கம் பயங்கரவாதி என்று அறிவிக்கலாம் என்று திருத்தினார்கள். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும் கொடுமை பொடாவிலும், அதற்கு முன் இருந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்திலும் இருந்தது, உபாவில் இல்லை. அது ஒன்றுதான் மிச்சம்.

பேச்சுரிமை, கருத்துரிமை என்று எழுதுகிறீர்கள். 1998 பிப்ரவரி 14 அன்று எங்கள் ஊரில் குண்டு வெடித்து 58 பேர் செத்தார்கள். ஆர்.எஸ். புரத்தில் என் சித்தப்பா காது கேளாதவரானார். கடுமையான சட்டம் இல்லாவிட்டால் எங்களை யார் காப்பாற்றுவது?
– ஜவுளிக் கடை உரிமையாளர், கோயம்புத்தூர்

ஐயா, உங்கள் சித்தப்பாவுக்கு நேர்ந்ததைப் பேச்சுரிமை என்று சொல்லி யாரும் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. குண்டு வைத்தவனைப் பிடித்து, நிரூபித்து, தண்டிக்க வேண்டும். அதில் நானும் நீங்களும் ஒரே பக்கம்.

ஆனால் உங்கள் ஊர் வழக்கையே எடுத்துப் பாருங்கள். குண்டு வெடித்தபோது தடா இல்லை, அது 1995-லேயே காலாவதியாகிவிட்டது. பொடா வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. இந்தியத் தண்டனைச் சட்டமும் வெடிபொருள் சட்டமும்தான் கையில் இருந்தன. அந்தச் சாதாரணச் சட்டங்களை வைத்து விசாரித்துத்தான் 2007-ல் 166 பேரில் 158 பேரைக் குற்றவாளிகள் என்று தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுவிக்கப்பட்ட எட்டுப் பேரில் ஒருவர் கேரள அரசியல் தலைவர் மதானி. குற்றமில்லை என்ற தீர்ப்பைக் கேட்க அவர் ஒன்பது ஆண்டுக்கு மேல் சிறையில் காத்திருந்தார். சாட்சியம் கெட்டியாக இருந்தால் சாதாரணச் சட்டமே போதும் என்பதும், சட்டம் எதுவானாலும் ஜாமீன் இல்லாமல் இழுத்தடித்தால் நிரபராதி என்ன ஆவார் என்பதும் ஒரே வழக்கில் தெரிந்துவிட்டன.

தடா இருந்த காலத்தில் சுமார் 76,000 பேரைப் பிடித்தார்கள். தண்டனை பெற்றவர்கள் மிகச் சொற்பம். ஒரு குண்டு வைத்தவனைத் தேடும் நேரத்தில், நோட்டீஸ் ஒட்டியவனையும் ஊர்வலம் போனவனையும் பிடித்து வைத்திருந்தால், ஐயா, அது உங்கள் சித்தப்பாவுக்கும் நியாயம் செய்ததாகாது.

ஸ்டேன் சுவாமி எங்கள் மாவட்டத்துக்காரர். 84 வயதுப் பாதிரியாருக்கு ஜாமீன்கூட கொடுக்காதது ஏன்? "ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு" என்று சொல்வார்களே?
– கூட்டுறவு வங்கி ஊழியர், லால்குடி

உங்கள் பக்கத்து விரகலூரில் பிறந்தவர்தான். ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். விசாரணைக் கைதிகளாகச் சிறைகளில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்குப் போட்டவர். மகாராஷ்டிராவின் பீமா கோரேகான் வன்முறை தொடர்பான உபா வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்து மும்பைக்கு அருகே தலோஜா சிறையில் வைத்தார்கள். பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சு குழாயும் மூடி போட்ட குவளையும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல, வழக்கை நடத்திய தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வுக்கு சுமார் 20 நாள் அவகாசம் கொடுத்தார்கள். குழாய் எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.

வாய்தா என்பது எங்கள் தொழிலில் தினசரிச் சொல். தினமும் நாலு வாங்குவோம், நாலு கொடுப்போம். அந்த 20 நாள் வாய்தாவைப் பேப்பரில் படித்த அன்று என் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கோர்ட்டுக்குப் போக மனம் வரவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உபாவில் 43-டி(5) என்று ஒரு உட்பிரிவு. போலீஸ் தரும் காகிதங்களைப் படித்ததும் மேலோட்டமாகக் குற்றச்சாட்டு உண்மை போலத் தெரிந்தால் ஜாமீன் தரக் கூடாது என்கிறது. மற்ற வழக்குகளில் நான் எழுந்து, இந்தச் சாட்சி பொய், இந்தக் கடிதத்தில் கையெழுத்தே இல்லை என்று வாதாடலாம். இங்கே அந்த அலசல் எல்லாம் ஜாமீன் கட்டத்தில் கூடாது என்று 2019-ல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் விசாரணை எப்போது தொடங்கும்? பீமா கோரேகான் வழக்கில் 2018-ல் பிடிபட்டவர்கள் பல ஆண்டுகள் விசாரணை தொடங்காமலேயே கிடந்தார்கள். ஸ்டேன் சுவாமி ராஞ்சிக்குப் போய்த் தம் மக்களோடு இருக்க ஜாமீன் கேட்டார். அந்த மனு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

2018 முதல் 2020 வரை உபாவில் கைதானவர்கள் 4,690 பேர், அந்த ஆண்டுகளில் தண்டனை பெற்றவர்கள் 149 பேர் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் தலித் இளம்பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த ஹத்ராஸ் சம்பவம் பற்றி எழுதப் புறப்பட்ட கேரளப் பத்திரிகையாளர் சித்திக் கப்பன் ஊர் போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே பிடிபட்டார். எழுதாத செய்திக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை. பேசியவனைத் தண்டிக்கத் தீர்ப்பு தேவையில்லை, ஜாமீனை மறுத்தாலே போதும் என்றாகிவிட்டது. 43-டி(5)-ஐ எடுக்க வேண்டும். தீர்ப்புகளால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவது போதாது, நாடாளுமன்றம் எடுக்க வேண்டும். இதை எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் சொல்வேன், பொடா காலத்திலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெளிச்சமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். விசாரணை வெகுநாள் முடியாது என்று தெரிந்தால் 43-டி(5) இருந்தாலும் உயர் நீதிமன்றங்கள் ஜாமீன் தரலாம் என்று 2021-ல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் மூன்று மாணவர்களுக்கு ஜாமீன் கொடுத்த டெல்லி உயர் நீதிமன்றம், போராடும் உரிமைக்கும் பயங்கரவாதத்துக்கும் நடுவே இருக்கும் கோடு அரசின் மனதில் மங்கிவருகிறது என்று கவலைப்பட்டது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்றது. ஜாமீனை மட்டும் ரத்து செய்யவில்லை.

எங்கள் நாட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை விடவா உங்கள் சட்டம் கடுமை?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஒப்பிட்டு ஆறுதல் அடைய எனக்கு மனமில்லை, ஐயா. மூன்று ஆண்டுக்கு என்று சொல்லி 1979-ல் கொண்டுவந்து, 1982-ல் நிரந்தரமாக்கிய சட்டம் உங்களுடையது. எழுதிய கட்டுரைகளுக்காகப் பத்திரிகையாளர் திசைநாயகத்துக்கு 2009-ல் 20 ஆண்டு கடூழியச் சிறை கொடுத்தார்கள், மறு வருடம் மன்னிப்பு. கவிதைத் தொகுப்பு எழுதிய மன்னார் இளைஞர் அஹ்னாஃப் ஜஸீமை 2020 மே மாதம் பிடித்து, 2023 டிசம்பரில்தான் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். கவிதையை ஒழுங்காகப் படித்துப் பார்க்க மூன்றரை ஆண்டு ஆனது அங்கே. தற்காலிகம் என்று வரும் சட்டங்களைப் பற்றி நாங்கள்தான் உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் மகன் எம்.ஏ. படிக்கிறான். மார்க்ஸ், பெரியார், ஈழம் என்று பரண் நிறையப் புத்தகம். போன வாரம் இரண்டு பேர் மப்டியில் வந்து அவனைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவன் ஹாஸ்டலில் இருக்கும்போதே எல்லாவற்றையும் எரித்துவிடலாமா? அவன் அப்பா இல்லை. கேட்க ஆளில்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.
– ஒரு தாய், தேனி மாவட்டம்

எரிக்காதீர்கள் அம்மா. முதலில் சட்டம் சொல்கிறேன், அப்புறம் ஒரு கதை சொல்கிறேன்.

2023 ஜூலை 28 அன்று, பீமா கோரேகான் வழக்கில் ஏறக்குறைய ஐந்து ஆண்டு சிறையில் இருந்த இருவருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. வன்முறையைப் பரப்பும் எழுத்தாகவே இருந்தாலும், அதை வெறுமனே வைத்திருப்பது உபாவின்படி குற்றமாகாது என்று அதில் எழுதியிருக்கிறது. அதற்கு முன்பு, 2019-ல் கோழிக்கோட்டில் துண்டறிக்கைகளும் புத்தகங்களும் வைத்திருந்ததாக இரண்டு மாணவர்களைப் பிடித்த வழக்கிலும், தடை செய்யப்பட்ட அமைப்பின் செயலை வளர்க்கும் நோக்கம் இருப்பதாகக் காட்ட வேண்டும், காகிதம் மட்டும் போதாது என்றார்கள். உங்கள் மகனின் பரணில் இருப்பவை கடைகளில், புத்தகக் கண்காட்சியில் பில் போட்டு விற்கும் புத்தகங்கள். எரித்தால்தான் சிக்கல். தடயத்தை அழித்தார்கள் என்று நாளைக்கு யாராவது எழுதினால் அதற்கு வேறு நான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது கதை. பூந்தமல்லிக்கு நான் அலைந்த வழக்கில், ஒரு பையன் வீட்டில் சோதனை போட்டுக் கைப்பற்றிய பொருட்களின் மகஜரைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது பொருள்: "கையால் எழுதப்பட்ட, புரட்சி தொடர்பான குறிப்புகள் அடங்கிய நோட்டு ஒன்று." பயந்துவிட்டேன். என்ன எழுதித் தொலைத்தானோ என்று. மனுப் போட்டு நகல் வாங்கிப் பார்த்தால், உருண்டை உருண்டையான பிள்ளைக் கையெழுத்து. அட்டையின் உள்பக்கம் பூக்கள் வரைந்திருந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு "பிரெஞ்சுப் புரட்சி – காரணங்கள்". அவன் தங்கையின் சமூக அறிவியல் நோட்டு. அந்தப் பெண் தோழியின் நோட்டை வாங்கி ராத்திரியில் பார்த்து எழுதிப் படித்துத்தான் பரீட்சைக்குப் போனாள். நோட்டு திரும்பி வர 14 மாதம் ஆனது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர்கள் அம்மா அதை வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த வீட்டில் அதற்கப்புறம் யாரும் புத்தகம் வாங்கவில்லை. பையன் விடுதலையாகி வந்தும் வாங்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த வீடுதான் ஞாபகம் வந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் மகனிடம் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். திரும்ப வந்தால், வருபவர்களின் பெயர், பதவி, எந்தக் காவல் நிலையம் என்று மரியாதையாகக் கேட்டு அவர்கள் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். சாட்சியாக விசாரிக்க அழைப்பதானால் எழுத்து மூலம் சம்மன் தர வேண்டும். பெண் என்பதால் உங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டில் வந்துதான் கேட்க வேண்டும். சோதனை போட்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி அதை வீடியோ எடுத்தாக வேண்டும். எடுத்துப்போகும் ஒவ்வொன்றும் மகஜரில் இருக்கிறதா என்று நிதானமாகப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். "புரட்சி தொடர்பான நோட்டு" என்று எழுதினால் விடாதீர்கள், என்ன நோட்டு என்று எழுதச் சொல்லுங்கள். கைது என்று வந்தால் என்ன காரணம் என்பதை எழுதித் தர வேண்டும். உபா வழக்கிலும் அப்படித்தான் என்று 2024 மே மாதம் நியூஸ்கிளிக் செய்தித் தளத்தின் ஆசிரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்தக் காரணத்துக்காகவே அவரை விடுவித்தது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று கலங்க வேண்டாம், 15100 என்ற எண்ணுக்கு அடித்தால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

அநேகமாக அவர்கள் திரும்ப வரமாட்டார்கள். இந்த மாதிரி விசாரித்துவிட்டுப் போவது நிறைய நடக்கிறது. வந்தால், சனிக்கிழமை காலைகளில் நான் மதுரை அலுவலகத்தில் இருப்பேன். கையில் என்ன காகிதம் கொடுத்தாலும் எடுத்துக்கொண்டு மகனோடு வாருங்கள். முகவரியை இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழு உங்களுக்குத் தனிக் கடிதத்தில் அனுப்பியிருக்கிறது. பரணில் கரையான் இருந்தால் மட்டும் புத்தகங்களைக் கீழே இறக்கி வையுங்கள்.